பக்கெட் தண்ணீரில் சாகும் நண்டு ஈரச்சாக்கில் எப்படிப் பிழைக்கிறது?

கழிமுகம் | 4 ஜூன் 2023, காலை 7:10

சேற்று நண்டுக்கு இருப்பது செவுள். செவுள் என்றாலே தண்ணீருக்கானது. ஆனால் உயிர் நண்டைப் பக்கெட்டில் மூழ்க வைத்தால் விடிவதற்குள் செத்துவிடுகிறது. காலைக் கட்டி, ஈரச்சாக்குப் போட்டுக் கூடையில் வைத்தால் நாலைந்து நாள் தாங்குகிறது. மீன் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். நண்டுக்கு உள்ளே நுரையீரலும் உண்டு என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. சரியா?

செவுளறை | 4 ஜூன் 2023, காலை 8:25

சேற்று நண்டுக்கு அப்படி நுரையீரல் எதுவும் கிடையாது. பக்கெட்டில் நடப்பது வெறும் ஆக்சிஜன் கணக்கு.

28 டிகிரி வெப்பத்தில், ஆயிரத்துக்கு 25 உப்புள்ள கழிமுகத் தண்ணீர் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 6.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 10 லிட்டர் பக்கெட்டில் மொத்தமே 68 மி.கி. அரைக்கிலோ நண்டு ஆறு, அதாவது 3 கிலோ. சும்மா கிடக்கும் நண்டு கிலோவுக்கு மணிக்கு 50 மி.கி. இழுக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மணிக்கு 150 ஆகிறது. அரை மணி நேரத்தில் இருப்பு காலி. மேற்பரப்பு வழியாகக் கொஞ்சம் கரைந்து உள்ளே வரும், ஆனால் அசையாத தண்ணீரில் அது போதாது. ஒன்றையொன்று கடித்துப் புரண்டால் தேவை இன்னும் எகிறும்.

இப்போது காற்றைப் பாருங்கள். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மி.கி. ஆக்சிஜன் இருக்கிறது. கழிமுகத் தண்ணீரைவிட 40 மடங்கு. கூடையில் அது தீராது, காற்று தானாகவே மாறிக்கொண்டிருக்கும். செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தும் ஆக்சிஜன் அந்த ஈரத்தில் கரைந்து உள்ளே போகும்.

வரப்போரம் | 4 ஜூன் 2023, காலை 9:40

அப்ப நண்டு தண்ணில மூழ்கிச் சாகுதுன்னு சொன்னா சிரிக்கக் கூடாதா?

செவுளறை | 4 ஜூன் 2023, காலை 9:52

தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் சொன்னது சரிதான். மீனையும் அதே பக்கெட்டில் அதே எடைக்குப் போட்டால் அதுவும் சாகும்.

ஈரச்சாக்கு | 4 ஜூன் 2023, மாலை 6:15

கணக்கு சரி. கூட ஒண்ணு சேர்த்துக்குங்க. நண்டை சாக விடுறது இந்த அரைகுறை ஆழந்தான். ஒண்ணு, தண்ணியே வேண்டாம், ஈரம் மட்டும். இல்லன்னா ரெண்டு மூணு சென்டிமீட்டர் தண்ணி, வாய் வெளியில இருக்கணும். இல்லன்னா நிறைய தண்ணி, ஏர் பம்பு ஓடணும். முழுசா முக்கிட்டு பம்பும் போடாம விட்டா நீங்க சொன்ன கதிதான்.

ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல ஏன் பிழைக்குதுன்னா, தண்ணில ஆக்சிஜன் குறைஞ்சா நண்டு முன்பக்கத்தைத் தூக்கி வாயைக் காத்துல வெச்சு, உள்ள காத்தை இழுத்துக் குமிழி விடும். முழுசா மூழ்கடிச்சு, காலையும் கட்டிட்டா அந்த வழி அடைபட்டுப் போகுது.

செவுளறை | 5 ஜூன் 2023, காலை 7:30

இந்த இழைக்கு உடற்கூறும் வேண்டியிருக்கும், எழுதிவிடுகிறேன்.

முதுகோட்டைத் திறந்தால் இரு பக்கமும் சாம்பல் வெள்ளையில், கூம்பிய நீளமான கொத்துகள் தெரியும். சமைக்கும்போது பிய்த்துப் போடுவது அவற்றைத்தான். அவையே செவுள்கள், சேற்று நண்டில் பக்கத்துக்கு எட்டு. ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு தண்டு, அதன் இருபுறமும் மெல்லிய இதழ்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். முதுகோட்டின் பக்கவாட்டு மடிப்பு அவற்றுக்குக் கூரை. உடம்புச் சுவருக்கும் இந்த மடிப்புக்கும் இடைப்பட்ட அறைதான் செவுளறை. அந்த அறை உடம்புக்கு உள்ளே இல்லை, வெளியே. வெளித் தண்ணீர் நேராக அதற்குள் வந்து போகிறது.

தண்ணீர் நுழைவது கொடுக்குகளின் அடியில் உள்ள திறப்பு வழியாக. மற்றக் கால்களின் அடியிலும் சிறு இடுக்குகள் உண்டு. கீழிருந்து இதழ்களுக்கு ஊடே மேலேறி, முன்னோக்கி ஓடி, வாயின் இரு ஓரங்களில் வெளியேறும். இதை ஓட்டுவது வாயுறுப்புகளில் ஒன்றிலிருந்து நீளும் தட்டையான துடுப்பு, பக்கத்துக்கு ஒன்று. அது தண்ணீரை முன்புறம் வெளியே தள்ளுவதால் அறைக்குள் அழுத்தம் குறைந்து பின்னாலிருந்து புதுத் தண்ணீர் ஏறுகிறது. மீன் வாயால் வாங்கிச் செவுளால் விடும். நண்டு வாயோரம்தான் விடுகிறது.

சில விநாடிகள் துடுப்பு எதிர்த்திசையில் அடிக்கும், ஓட்டம் திரும்பும். இதழ்களில் படிந்த சேறு அப்போது கிளம்பிப் போகும். ஓய்வில் இருக்கும்போது துடுப்பு சிறிது நேரம் முழுதாக நின்றுவிடுவதும் இயல்பே. அதைப் பார்த்து நண்டு செத்துவிட்டதென்று முடிவு கட்ட வேண்டாம்.

பத்துக்கால் | 5 ஜூன் 2023, இரவு 9:05

துப்புரவு வேலை அந்தத் திருப்பத்தோடு முடிவதில்லை. வாயை மூடியிருக்கும் மூன்று இணைத் தாடைக்கால்களின் அடியிலிருந்து நீண்ட, மயிர் அடர்ந்த கோல்கள் செவுளறைக்குள் போகின்றன. முதல் இணையின் கோல் செவுள்களின் வெளிப்பக்கத்தைத் துடைக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் உட்பக்கத்தை. தாடைக்கால் அசையும் ஒவ்வொரு முறையும் துடைப்பம் ஓடும். வாயை இறுக்கிக் கட்டி வைத்த நண்டில் அழுக்கு சீக்கிரம் படிவதற்கு இதுவும் காரணம். கட்டுவது கொடுக்கை மட்டும்தான் என்றால் தொல்லையில்லை.

கழிமுகம் | 6 ஜூன் 2023, காலை 6:50

கூடையில் வைத்த நண்டு வாயில் நுரை தள்ளுகிறதே, அது என்ன? கோபத்தில் எச்சில் துப்புகிறது என்கிறார்கள்.

ஈரச்சாக்கு | 6 ஜூன் 2023, காலை 7:20

கோபமுமில்ல எச்சிலுமில்ல. செவுளறையில கொஞ்சம் தண்ணி தங்கியிருக்கும். துடுப்பு அதைத்தான் சுத்திச் சுத்தி ஓட்டுது. வாயோரம் வெளிய வந்து, வயித்துப் பக்கம் வழிஞ்சு, கால் அடி வழியா திரும்ப உள்ள போகும். வெளிய வழியுறப்ப காத்துல இருந்து ஆக்சிஜனை வாங்கிக்கும். தண்ணி குறையக் குறைய காத்தும் கலந்து வரும், அதான் நுரை. லேசா நுரைச்சா உயிரோட மூச்சு ஓடுதுன்னு அர்த்தம். கெட்டியா, ஒட்டுற மாதிரி நுரை வந்தா தண்ணி தீரப் போகுது, உடனே கவனிக்கணும்.

பத்துக்கால் | 6 ஜூன் 2023, காலை 7:48

அலையாத்திக் காட்டு நண்டுகள் இதை நுரையே இல்லாமல் செய்கின்றன. அவற்றின் கன்னப் பகுதியில், கண்ணுக்குக் கீழே, வளைந்த நுண்மயிர்கள் வரிசை வரிசையாக வலைப்பின்னலாக நிற்கும். வாயோரம் வெளியேறும் தண்ணீர் அந்தப் பின்னலில் மெல்லிய படலமாகப் பரவிக் காற்று வாங்கி, மறுபடி கால்களின் அடிக்குப் போகும். வேர் மேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் சிறு நண்டின் கன்னம் எப்போதும் பளபளவென்று ஈரமாக இருப்பது அதனால்தான்.

வரப்போரம் | 6 ஜூன் 2023, மதியம் 1:10

அப்ப ஈரம் மட்டும் காயாம பாத்துக்கிட்டா வெளிய எத்தனை நாள் வேணா வெக்கலாமே. அஞ்சாறு நாள்ல ஏன் சாகுது?

செவுளறை | 6 ஜூன் 2023, இரவு 8:40

நல்ல கேள்வி. ஈரமான செவுளில் ஆக்சிஜன் ஓரளவு கிடைக்கும். இடிப்பது வேறு மூன்று இடங்களில்.

முதலாவது, இதழ்கள் ஒட்டிக்கொள்வது. தண்ணீரில் அவை தனித்தனியாக மிதந்து நிற்கும். வெளியே வந்ததும் தாங்க எதுவும் இல்லை, ஈரத்தின் இழுவிசை வேறு. நனைந்த புத்தகத்தின் தாள்கள் போல ஒன்றோடொன்று ஒட்டி, மூச்சுக்குப் பயன்படும் பரப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, கரியமில வாயு. அது தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். ஆகவே தண்ணீருக்குள் இருக்கும் நண்டின் ரத்தத்தில் அது தேங்குவதே இல்லை. காற்றில் அந்த வசதி போய்விடுகிறது. வாயு ரத்தத்தில் சில மடங்கு ஏறி, அமிலத்தன்மை கூடுகிறது. நண்டு தன் ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து அந்த அமிலத்தை அடக்கப் பார்க்கும். பல கடல் நண்டுகளில் இது அளந்து காட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, அம்மோனியா. நண்டு அதைச் சிறுநீரில் பெரிதாக விடுவதில்லை, செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகிறது. வெளியே தண்ணீர் இல்லையென்றால் உள்ளேயே சேரும்.

கழிமுகம் | 7 ஜூன் 2023, காலை 7:05

அப்படியானால் நாலு நாள் கூடையில் இருந்த நண்டை மறுபடி தண்ணீரில் விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஈரச்சாக்கு | 7 ஜூன் 2023, காலை 7:31

அங்கதான் நிறைய பேர் நண்டைக் கொல்றாங்க. வந்த கூடையை அப்படியே தொட்டியில கவுத்துடுவாங்க. சேர்ந்து கிடந்த அம்மோனியா எல்லாம் ஒரே நேரத்துல வெளிய வரும், மூச்சும் ரெண்டு மடங்கா வாங்கும், தொட்டித் தண்ணி கொஞ்ச நேரத்துல கெட்டுப் போகும்.

இப்படிச் செய்யுங்க:
சின்னத் தொட்டில, நண்டு பிடிபட்ட இடத்து உப்பு அளவுக்கு ஏறக்குறைய சமமா தண்ணி. ஏர் கல், அதான் பம்புக் காத்தைக் குமிழியா விடுற கல், வேகமா ஓடணும். ரெண்டு நிமிஷம் முக்கி எடுங்க, அஞ்சு நிமிஷம் வெளிய வைங்க, திரும்ப முக்குங்க. மூணு தடவை. அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க, பெரிய தொட்டில சேர்க்காதீங்க. அப்புறம்தான் பெரிய தொட்டி.

முக்குறப்ப தலைகீழா ஆட்டி, செவுளறைக் காத்து குமிழியா வெளிய வர விடணும். காத்து மாட்டிக்கிட்டா துடுப்பு வெறும் காத்தை அடிச்சுக்கிட்டு இருக்கும்.

பத்துக்கால் | 7 ஜூன் 2023, காலை 10:20

குமிழி விஷயம் முக்கியம். ஆனால் வேகமாக ஆட்ட வேண்டியதில்லை, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே போதும். முரட்டுத்தனமாக ஆட்டினால் பயந்து காலை உதறிவிடும் நண்டுகள் உண்டு.

ஈரச்சாக்கு | 7 ஜூன் 2023, காலை 10:26

சரி, சாய்ச்சே பிடிங்க. கால் போனா விலையும் போச்சு.

கழிமுகம் | 8 ஜூன் 2023, மாலை 5:45

பாக் நீரிணைப் பக்கத்து நீலக்கால் நண்டு ஏன் கூடையில் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை? அதே ஓடு, அதே செவுள்தானே.

செவுளறை | 8 ஜூன் 2023, இரவு 9:15

அதே செவுள் இல்லை. நீலக்கால், முக்கண், சிலுவை நண்டுகள் எல்லாம் வேகமாக நீந்துகிறவை. நீந்தும் நண்டுக்கு உடல் எடையை ஒப்பிட்டால் செவுள் பரப்பு அதிகம், இதழ்கள் மெலிசு, நெருக்கம். தண்ணீரில் அது பெரிய லாபம். காற்றில் அதுவே வினை, முதலில் ஒட்டுவது அந்த மெலிந்த இதழ்கள். கரை நண்டுகளில் செவுள் பரப்பு குறைவு. அமெரிக்கக் கடற்கரையில் 1950களில் அளந்த அளவுகளின்படி நீந்தும் நீல நண்டுக்கு ஒரு கிராம் உடல் எடைக்கு உள்ள செவுள் பரப்பு, மணலில் ஓடும் பேய் நண்டைப் போல சுமார் நாலு மடங்கு. சேற்று நண்டும் நீந்தும் குடும்பம்தான், ஆனால் வற்றும் கழிமுகத்தில் வளைக்குள் கிடந்து பழகியது.

உப்பு விஷயத்திலும் வேறுபாடு உண்டு. பின்பக்கத்துச் செவுள்களுக்கு மூச்சைவிட உப்பு இழுக்கும் வேலை அதிகம். சேற்று நண்டில் அது பலமானது, உப்புக் குறைந்தாலும் சமாளிக்கும். நீலக்காலுக்கு அவ்வளவு வலு இல்லை. அதைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் மூச்சு முட்டுவதற்கு முன்பே உடம்புக்குள் தண்ணீர் ஏறிச் செத்துவிடும். ஐஸ் உருகி மேலே சொட்டினாலும் அதே தொல்லைதான்.

வரப்போரம் | 9 ஜூன் 2023, காலை 8:00

வயல் நண்டைப் பத்தி யாருமே பேசலையே. கோடையில வயல் வெடிச்சுக் கிடக்கும், வரப்பு வளைக்குள்ள உயிரோட இருக்கும்.

வளை கீழ தண்ணி மட்டம் வரைக்கும் போகும். அடியில கொஞ்சம் சேறும் தண்ணியும், மேல ஈரக் காத்து. வளையோட வாயை மண்ணால அடைச்சிட்டா ஈரம் வெளிய போகாது. நண்டு தண்ணிக்கும் காத்துக்கும் மாறி மாறிப் போய்க்கும். அதுக்குக் கடலும் வேண்டாம். முட்டையிலிருந்து நேரா குட்டி நண்டாவே வரும், தாய் வயித்து மடிப்புல ஒட்டிக்கிட்டுத் திரியும். மழை வந்து வளை முழுக்கத் தண்ணி நின்னு, அதுவும் அழுகின தழையோட இருந்தா, நண்டு வெளிய வந்து வரப்பு மேல உக்காந்திருக்கும். வெயில் காயுறதுக்கு இல்ல, உள்ள ஆக்சிஜன் இல்லாததால.

பத்துக்கால் | 9 ஜூன் 2023, இரவு 10:30

தரைக்கு வந்துவிட்ட நண்டுகளைப் பற்றி இப்போது சொல்லலாம். இந்தக் கூட்டத்துக்கு நுரையீரல் என்ற சொல் பொருந்தும். கழிமுகம் முதல் நாள் கேட்டது இவற்றைப் பற்றி என்றால் பதில் "ஆமாம்".

மெரினாவில் மாலையில் ஓடும் பேய் நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செவுளறை உப்பிப் பெரிதாக இருக்கும். செவுளுக்குக் கூரையாக இருக்கும் மடிப்பின் உட்பக்கத் தோல் மெலிந்து, அதில் நுண்ணிய ரத்த வழிகள் பின்னிக் கிடக்கும். காற்று அந்தத் தோலில்தான் மாறுகிறது. செவுள் சிறுத்திருக்கும். அதன் இதழ்கள் விறைப்பாக, இடையில் சிறு முண்டுகளோடு, ஒட்டாமல் தள்ளி நிற்கும்.

ஈரம் எங்கிருந்து? நடக்கும் கால்களின் அடிக்கு நடுவே ஒரு மயிர்க்கற்றை இருக்கிறது. ஈர மணலில் உடம்பைப் பதித்து உட்கார்ந்தால் மணல் துகள்களுக்கு நடுவிலுள்ள தண்ணீரை அது உறிஞ்சிச் செவுளறைக்குள் ஏற்றும். அலைக்குள் போய் நனைய வேண்டியதில்லை. நீண்ட நேரம் தண்ணீருக்குள் அடைத்தால் பேய் நண்டும் செத்துவிடும்.

பல தரை நண்டுகளில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆக்சிஜன் உள்ளே வருவது பெரும்பாலும் நுரையீரல் தோலில், கரியமில வாயு வெளியேறுவது பெரும்பாலும் செவுளில். சிறுநீரையும் செவுள் மேல் ஓட விட்டு அதிலுள்ள உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே செவுள் சிறுத்தாலும் வேலை போகவில்லை.

வரப்போரம் | 10 ஜூன் 2023, காலை 7:15

தென்னை மரம் ஏறுற நண்டு? அது முழுக்க நுரையீரல்தானே?

பத்துக்கால் | 10 ஜூன் 2023, காலை 9:00

நுரையீரல்தான். செவுளறைக் கூரையின் தோல் தட்டையாக இல்லாமல் கிளைத்த மடிப்புகளாகத் தொங்கிப் பரப்பைக் கூட்டியிருக்கும். செவுள் மிகச் சிறிது. பெரிய நண்டைக் கடலில் முழுக வைத்தால் மூழ்கிச் சாகும், ஆனாலும் முட்டை பொரிவது கடலில்தான். கரையேறும் குஞ்சுகள் கொஞ்ச காலம் சங்குக்குள் வாழும், ஏனென்றால் அது துறவி நண்டு இனம். நிஜ நண்டு இல்லை.

நடக்கும் கால்களை எண்ணினால் ஒரு இணை குறைகிறது என்பார்கள். குறையவில்லை. கடைசி இணை சிறுத்துச் செவுளறைக்குள் மடங்கியிருக்கிறது. ஈரக் காலை உள்ளே விட்டுச் செவுளைத் துடைப்பதும் நனைப்பதும் அதன் வேலை. இந்தியாவில் இது இருப்பது அந்தமான் நிக்கோபார்ப் பக்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிரி. பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது.

செவுளறை | 10 ஜூன் 2023, காலை 9:40

காலால் மூச்சு விடும் நண்டையும் சேர்த்துவிடுங்கள். ஓதம் வற்றிய மணலில் சிறு மணல் உருண்டைகளைக் கோலமாகப் பரப்பி வைக்கும் குட்டி நண்டுகளின் காலில் மெலிந்த, வட்டமான சவ்வுத் தகடுகள் உண்டு. பல காலம் அவற்றைச் செவி என்று நினைத்தார்கள். 1986இல் மெயிட்லண்ட் என்ற ஆய்வாளர் அவற்றை மூச்சுச் சாளரம் என்று காட்டினார். ரத்தம் அந்தச் சவ்வை ஒட்டி ஓடி, நேராகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்குகிறது.

வரப்போரம் | 10 ஜூன் 2023, காலை 9:47

காதுன்னு நினைச்சது மூக்கு, அதுவும் தொடையில. சரி போங்க.

ஈரச்சாக்கு | 11 ஜூன் 2023, மாலை 7:10

மறுபடியும் கூடைக்கே வாங்க. ஒரே கூடையில ஒரே நாள் கட்டின நண்டுல சிலது மட்டும் ரெண்டாம் நாளே சாகும். அதோட ஓட்டைத் திறந்து செவுளைப் பாருங்க. காம்போட, அரிசி மணி அளவுல, கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கும்.

செவுளறை | 11 ஜூன் 2023, இரவு 8:30

ஆக்டோலாஸ்மிஸ், காம்புள்ள பர்னகிள் வகை. பர்னகிள் என்பது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு கடலுயிரி. அது ரத்தம் உறிஞ்சாது, செவுளில் ஓடும் தண்ணீரிலிருந்தே இரை பிடிக்கும். ஆனால் இடத்தை அடைத்து, ஓட்டத்தைத் தடுத்து, துடைப்பக் கோல்களையும் தடுக்கும். தண்ணீரில் நண்டு துடுப்பை வேகமாக அடித்துச் சமாளித்துவிடும். காற்றில் முடியாது. ஓடு கழற்றும்போது செவுளின் மேல்தோலும் சேர்ந்து கழல்வதால் பர்னகிளும் போய்விடும். ஆகவே ஓடு கழற்றி நாளான, பாசி பிடித்த, பழைய ஓடுள்ள பெரிய நண்டில்தான் இது அதிகம். தொலைதூரம் அனுப்ப அந்த மாதிரி நண்டை எடுக்க வேண்டாம்.

கழிமுகம் | 11 ஜூன் 2023, இரவு 9:02

செவுள் விஷம், அதனால்தான் பிய்த்துப் போடுகிறோம் என்பது?

செவுளறை | 11 ஜூன் 2023, இரவு 9:11

விஷமில்லை. ஊரில் உள்ள சேறெல்லாம் வடிகட்டிய இடம், சதையும் இல்லை. பிய்த்துப் போடுங்கள்.

பத்துக்கால் | 12 ஜூன் 2023, காலை 6:40

ஓடு கழற்றுவது பேச்சில் வந்ததால் மென்ஓட்டு நண்டு, அதாவது ஓடு கழற்றியதும் மெத்தென்று இருக்கும்போதே எடுக்கும் நண்டு, வளர்ப்பவர்களுக்கு ஒன்று. கழற்றும் நேரத்தில் ஆக்சிஜன் தேவை உச்சம், மூச்சு வாங்கும் வசதி அடிமட்டம். துடுப்பின் தோலும் செவுளின் தோலும் அப்போதுதான் உரிகின்றன. அந்த நேரத்தில் பெட்டித் தண்ணீர் தேங்கினால் பாதி கழன்ற நிலையிலேயே சாகும். கழன்ற பின்னும் இதழ்கள் கூழாக இருக்கும், தூக்கி வெளியே வைத்தால் அப்படியே படுத்துவிடும். பண்ணைகளில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்டி பார்ப்பது ஓடு இறுகுவதற்கு முன் எடுக்க. எடுத்ததும் குளிரூட்டிவிட வேண்டும். உயிரோடு கூடையில் அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கழிமுகம் | 12 ஜூன் 2023, இரவு 8:20

சரி. கெட்டி ஓட்டுச் சேற்று நண்டு, 20 கிலோ, தெர்மோகோல் பெட்டி, ஒன்றரை நாள் பயணம். எப்படிக் கட்டுவது?

ஈரச்சாக்கு | 12 ஜூன் 2023, இரவு 9:00

பெட்டிக்கு 10 கிலோவுக்கு மேல வேண்டாம், ரெண்டு பெட்டியாப் போடுங்க.

கட்டுறதுக்கு முன்னாடி பம்பு ஓடுற தண்ணில கொஞ்ச நேரம் வெச்சு செவுளைக் கழுவ விடுங்க. சேத்தோட கட்டினா அந்தச் சேறு செவுள்ல காஞ்சு ஒட்டிக்கும். கொடுக்கு ரெண்டும் மடக்கிக் கட்டணும். கயிறு வாய் மேலயோ, கொடுக்கு அடித் திறப்பு மேலயோ குறுக்க போகக் கூடாது.

அடியில பிழிஞ்ச ஈரச்சாக்கு. சொட்டச் சொட்ட வேண்டாம், அடியில தண்ணி தேங்கினா கீழ் வரிசை நண்டுக்கு பக்கெட் கதைதான். நண்டு வயிறு கீழ, வாய் லேசா மேல பார்க்க நெருக்கமா அடுக்குங்க. கவுத்தா உள்ள இருக்கிற தண்ணி வடிஞ்சிடும். மேல இன்னொரு ஈரச்சாக்கு.

சூடு 16லிருந்து 20 டிகிரிக்குள்ள. ஜெல் ஐஸைத் துணியில சுத்தி மூடியில ஒட்டுங்க, நண்டு மேல படக் கூடாது. பக்கவாட்டுல மேல் பாதியில விரல் நுழையுற துளை, பக்கத்துக்கு ரெண்டு. வண்டில ஃபேன் காத்து நேரா துளை மேல அடிக்காம பாத்துக்குங்க, சாக்கு காஞ்சிடும்.

செவுளறை | 12 ஜூன் 2023, இரவு 9:25

துளை ஆக்சிஜனுக்கு மட்டுமில்லை. முதல் நாள் கணக்குப்படி பெட்டிக்குள் 20 லிட்டர் காற்றில் 5,400 மி.கி. இருக்கிறது. 10 கிலோ நண்டு மணிக்கு 500 மி.கி. எடுத்தால் 11 மணி நேரத்தில் தீரும். குளிர்ச்சியில் தேவை குறையும், அப்போதும் ஒன்றரை நாளைக்குக் காணாது. அதற்கு முன்பே கரியமில வாயு ஏறிவிடும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுகிறவர் துளையையும் சேர்த்து ஒட்டிவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கழிமுகம் | 12 ஜூன் 2023, இரவு 9:31

வந்து சேர்ந்ததும் உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? துடுப்பு நின்றிருந்தாலும் உயிர் இருக்கலாம் என்றீர்களே.

ஈரச்சாக்கு | 12 ஜூன் 2023, இரவு 9:44

கண்ணைத் தொடுங்க. தண்டை மடக்கிக் குழிக்குள்ள இழுத்துக்கிட்டா உயிர் இருக்கு. இழுக்கலைன்னா வாய் மூடியைக் குச்சியால லேசா விலக்குங்க, எதிர்த்து மூடுதான்னு பாருங்க. அதுவும் இல்லாம கால் தொங்கி, அம்மோனியா வாடையும் அடிச்சா எடுத்துத் தனியா போட்டுடுங்க, குழம்புக்கும் வேண்டாம்.